குஞ்சு வேண்டாம், முற்றம் கொடுங்கள்

ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தம் பிறந்துவிடும். பேனர் அப்படித்தான் சொல்கிறது. கிரகரி வாவிக் கரையில் கடைகள், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கொழும்பிலிருந்து ஏறிவரும் வாகன வரிசை. வெயில் தாங்காமல் மலையேறிய வெள்ளைக்காரனின் பழக்கத்தைத்தான் நாம் இன்னும் ‘வசந்த காலம்’ என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறோம். பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகைதான் தள்ளி இருக்கிறது இந்த ஊர். வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. இங்கே எங்கிருந்து வந்தது வசந்தம்?

இருந்தாலும் தோட்டத்தில் ஒரு வசந்தம் உண்டு. அதற்கு யாரும் பேனர் கட்டுவதில்லை. தை, மாசிப் பனி விலகி, பின்னேரங்களில் இடியோடு மழை விழத் தொடங்கும்போது மலையில் கொழுந்து பொங்கும். அதே நேரத்தில் லயத்துக் கோழிகள் கொக்கரிப்பை நிறுத்திவிட்டு, இறகை உப்பிக்கொண்டு, மூலையில் போய் அடை படுக்கும். இந்தக் கணக்கு நம்ம அப்பாயிமாருக்கு நன்றாகத் தெரியும். இப்போது முட்டை வைத்தால் 21 நாளில் பொரிக்கும். பொரித்த குஞ்சுக்கு ஐந்து ஆறு கிழமையில் இறகு மூடிவிடும். மே கடைசியில் தென்மேல் பருவமழை மலையைப் பிடித்துக்கொள்வதற்குள் குஞ்சு தன் உடம்பைத் தானே காப்பாற்றும் நிலைக்கு வந்துவிட வேண்டும். தப்பினால் ஈரத்திலும் மூடுபனியிலும் ஒவ்வொன்றாகச் செத்துவிழும். முதல் கிழமையில் ஒரு குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வரை சூடு வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பமோ 16 பாகைக்குப் பக்கம். மீதிச் சூட்டைத் தாய்க்கோழியின் செட்டைதான் கொடுக்கிறது.

இவ்வளவு விவரம் தெரிந்த சனத்துக்குத்தான் கோழி வளர்க்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று வருடா வருடம் யாராவது கிளம்பி வருகிறார்கள்.

வைபவத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தோட்டத்து மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, பொன்னாடை, அட்டைப் பெட்டிக்குள் கத்துகிற குஞ்சுகள். ‘சுயதொழில் ஊக்குவிப்பு’ அல்லது ‘வாழ்வாதார உதவி’ என்று ஒரு பெயர். ஒரு குடும்பத்துக்குப் பத்துக் குஞ்சு. கொடுப்பவர் சிரிக்கிறார், வாங்குகிற அக்கா சிரிக்கச் சொன்னதால் சிரிக்கிறார், படம் முகநூலுக்குப் போகிறது. கட்சி மாறும், நிறுவனம் மாறும், படம் மாறாது. மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய் எத்தனை குஞ்சு மிச்சம் என்று கேட்டுப் பதிவு போட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மலையகத்தில் கோழி வளர்க்க இல்லாமல் இருப்பது கோழியோ அறிவோ உழைப்போ அல்ல, முற்றம். காணி கொடுக்காமல் குஞ்சு கொடுப்பது உதவி ஆகாது. கேட்டதைக் கொடுக்காமல் தப்பிப்பதற்கான வழி அது.

அளந்து பார்ப்போம். பழைய லயத்துக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு. அதைத் தாண்டினால் கான். கானைத் தாண்டினால் அடுத்த லயம், அல்லது கம்பனியின் தேயிலை. இதற்குள் ஐந்தாறு பேர் படுக்கிறார்கள், சமைக்கிறார்கள், பிள்ளை படிக்கிறது. பத்துக் கோழிக்கு இரவில் அடைய இருபது சதுர அடிக் கூடும், பகலில் கிளற நூறு சதுர அடி மண்ணும் குறைந்தபட்சம் வேண்டும். கோழிக்குத் தேவையானதும் மனுசனுக்குக் கொடுத்திருப்பதும் ஒரே அளவு! இதில் ‘முயற்சி இருந்தால் முடியும்’ என்று மேடையில் பேசுகிறவரை என்ன சொல்வது?

கூட்டை எங்கே வைப்பது? கொல்லைப் பக்கம் வைத்தால் பின் லயத்துக்காரருக்கு நாற்றம். முன்னால் வைத்தால் வழி அடைபடும். தேயிலைக்குள் வைத்தால் அது ‘அத்துமீறல்’. எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நாலு தகரமும் சிலாகையும் வைத்துக் கட்டிய கூட்டை ‘அனுமதியில்லாத கட்டடம்’ என்று சொல்லிக் கழற்ற வைத்தார்கள். அந்த வீட்டுக்குக் குஞ்சு கொடுத்த வைபவத்தில் அதே நிர்வாகத்தின் ஆள் முன்வரிசையில் இருந்தார். அதுக்குப் பிறகு குஞ்சுகள் எங்கே போயிருக்கும்? சில கறிக்கு, சில மரநாய்க்கு, மீதி ‘நம்ம சனத்துக்கு எது குடுத்தாலும் வளர்க்கத் தெரியாது’ என்கிற பேச்சுக்கு. இந்தக் கடைசிப் பலன்தான் ரொம்ப ஆபத்தானது. தோற்கிற மாதிரியே ஒரு திட்டத்தைப் போட்டுவிட்டு, தோல்விக்குச் சனத்தைப் பொறுப்பாக்குவது.

உலகத்திலும் இது நடக்கிறது. 2016 ஜூனில் பில் கேட்ஸ், நாளுக்கு இரண்டு டொலரில் வாழ நேர்ந்தால் தான் கோழி வளர்ப்பேன் என்று எழுதினார். ஒரு இலட்சம் கோழிகளை ஏழை நாடுகளுக்குக் கொடுப்பதாக அறிவித்தார். பட்டியலில் பொலிவியாவும் இருந்தது. பொலிவியா அரசு வேண்டாம் என்றது. எங்களை ஒன்றும் தெரியாதவர்களாக நினைக்கிறீர்களா என்று அந்நாட்டு அமைச்சர் கோபப்பட்டார். எனக்கு அந்தக் கோபம் பிடித்திருக்கிறது. ஆனால் பொலிவியாவால் மறுக்க முடிந்ததற்குக் காரணம் அது ஒரு நாடு என்பதுதான். லயத்து அக்காவால் மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த தகரப் பட்டியலில் பெயர் இருக்காது.

‘சரி, சும்மா கோழிக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்று கேட்கலாம். முட்டைக்காகத்தான். 2016 மக்கள்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. நெருக்கடிக்கு ஆறு வருசத்துக்கு முந்திய கணக்கு இது. 2021இல் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள், சோளம் விழுந்தது, கோழித்தீன் விலை ஏறியது, பிறகு டொலரும் இல்லாமல் போனது. 2023 ஆரம்பத்தில் முட்டை ஒன்று 60 ரூபாவைத் தொட்டது. அந்த மார்ச்சில் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்கியது. அப்போது தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கொரு முட்டை என்றால் 300 ரூபா, ஒருவரின் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதுவும் முழுப்பேர் விழுந்த நாளில். நிறை குறைந்து அரைப்பேர் போட்ட நாளில் என்ன கணக்கு?

அந்தக் காலத்தில் நடந்த இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2022 ஜூனில் அரசாங்க ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள், வீட்டுத்தோட்டம் செய்து உணவு உற்பத்தி பண்ணச் சொல்லி. முற்றம் உள்ளவருக்கு லீவும் கிடைத்தது. மலையில் நின்ற நம்ம அம்மாமாருக்கு முற்றமும் இல்லை, லீவும் இல்லை. நாட்டுக்குத் தேயிலை டொலர் வேண்டும் என்பதால் கூடுதலாகக் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள்.

பத்து நாட்டுக்கோழி வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? பெரிய பணக்காரர் ஆகமாட்டோம். நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை போடும், அடை படுக்கும், குஞ்சோடு திரியும், மறுபடி போடும். வருசத்துக்கு அறுபது என்று வைத்தால் பத்துக் கோழிக்கு 600. அடைக்கு வைப்பதைக் கழித்தாலும் நாளுக்கு ஒரு முட்டை வீட்டிலேயே இருக்கும். சின்னப் பிள்ளை ஒன்றுக்கு அது போதும். வளர்ச்சி குன்றிய 32 வீதத்துக்கு முன்னால் அந்த ஒரு முட்டை பெரிய விசயம்.

இனி வாத்து. தாரா இல்லை, கூஸ் என்று சொல்கிற நீளக் கழுத்துப் பெரிய வாத்து. ஐரோப்பாவில் அதுதான் உண்மையான வசந்தப் பறவை. பகல் நீளத் தொடங்கினால்தான் அங்கே முட்டையிடும், ஒரு மாதம் அடை காக்கும், பிறகு அடுத்த வருசம்தான். இந்தப் பறவையின் விசேஷம், அது புல் தின்னும். கோழி மாதிரித் தீன் பையை நம்பி இருப்பதில்லை. நல்ல புல்வெளி இருந்தால் வளர்ந்த வாத்துக்குப் பெரும்பாலான சாப்பாடு இலவசம். அந்நியர் வந்தால் நாயைவிடப் பெரிசாகக் கத்தும். ஸ்கொட்லாந்தில் பாலன்டைன்ஸ் விஸ்கிக் களஞ்சியத்துக்குப் பல வருசம் வாத்துக் கூட்டம்தான் காவல். வருசம் முழுக்கப் புல் முளைக்கிற ஊர் நம்முடையது. மழை உண்டு, குளிர் உண்டு. காகிதத்தில் பார்த்தால் வாத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

ஆனால் அந்தப் புல் யாருடையது? தேயிலைக்கு இடையில் முளைக்கிற புல்லுக்குக் கம்பனி மருந்தடிக்கிறது. கிளைபோசேட்டை 2015இல் நாடு முழுவதும் தடை செய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். சிறுநீரகத்துக்குப் பயந்து நாடே வேண்டாம் என்று சொன்ன மருந்தை, சனம் குடியிருக்கிற மலைக்கு மட்டும் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மருந்தடித்த புல்லில் எந்தப் பறவையை விடுவது? கோழியாவது கூட்டுக்குள் பிழைத்துக்கொள்ளும். வாத்துக்குப் புல்வெளி வேண்டும். லயங்களில் வாத்தைக் காணாததற்குக் காரணத்தை நான் இதில்தான் பார்க்கிறேன்.

வெள்ளைக்காரனின் பண்ணைக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இருக்கவில்லை. 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து மாடு, ஆடு, வேட்டைநாய் எல்லாம் கொண்டுவந்து நுவரெலியாவில் குட்டி இங்கிலாந்து ஒன்றைப் போட்டார். அவருடைய மாட்டுக்குக் காணி கிடைத்தது. அதே மலையைக் கோப்பியாகவும் தேயிலையாகவும் மாற்றிய நம்ம ஆட்களுக்குக் கோழிக்கூடு வைக்க இன்றைக்கும் தோட்டத்து ஆபிசில் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த ‘அனுமதி’ என்கிற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. தோட்டத்தில் கோழியும் மாடும் மரக்கறித் துண்டும் எப்போதும் இருந்துதான் வருகின்றன. நல்ல துரை வந்தால் கண்டுகொள்ளமாட்டார். கடுமையான துரை வந்தால் கூடு பிரிக்கப்படும். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் தேயிலைக்கும் தொழிற்சாலைக்கும் யார் பொறுப்பு என்று எழுதினார்கள். லயத்தின் முன்னால் உள்ள மண் யாருடையது என்ற கேள்வியை மட்டும் யாரும் எடுக்கவில்லை. பிரதேச சபைகூடத் தோட்டத்துக்குள் காசு செலவழிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. அதைத் திருத்த 2018 வரை போராட வேண்டியிருந்தது. நம்ம கானைச் சுத்தம் செய்யவே முப்பது வருசம் சட்டம் இல்லை!

எதிர்வாதங்களுக்கும் வருவோம். முதலாவது, லயத்தில் கோழி வளர்த்தால் நாற்றம், சண்டை, நோய். உண்மைதான். பன்னிரண்டு காம்பரா முதுகோடு முதுகு ஒட்டியிருக்கிற இடத்தில் ஒரு வீட்டுக் கோழி பதினொரு வீட்டுக்குத் தொல்லை. அதனால்தான் சொல்கிறேன், தனி வீடும் காணியும் வேண்டும் என்று. இந்த வாதம் என் பக்கத்து வாதம்.

இரண்டாவது, நோய் வந்தால் எல்லாம் ஒரே இரவில் போய்விடும். இதுவும் உண்மை. வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்கிற ராணிக்கெட் நோய் ஒரு லயத்துக் கோழிகளை மொத்தமாகத் துடைத்துவிடும். ஆனால் அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. கிராமத்துக் கோழிக்கென்றே ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் சூட்டைத் தாங்கும் ஐ-2 மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நாலு மாதத்துக்கு ஒரு தடவை கண்ணில் ஒரு சொட்டு. மொசாம்பிக்கிலும் தன்சானியாவிலும் பயிற்சி பெற்ற கிராமத்து ஆட்களே வீடு வீடாகப் போய் விடுகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. பேராதனைக் கலைப்பீடத்திலிருந்து மகாவலியைத் தாண்டினால் கன்னொறுவை, அங்கேதான் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருக்கிற அறிவு பொகவந்தலாவை, மஸ்கெலியா மேல் கணக்கு லயங்களுக்கு ஏறி வருவதில்லை என்பதுதான் பிரச்சினை. குஞ்சு கொடுக்க லொறி ஏறுகிற வழியில் தடுப்பு மருந்து ஏறாதா?

மூன்றாவது வாதம் கம்பனியுடையது. காணியைப் பிரித்தால் தேயிலை என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. 2015க்குப் பின் வந்த அரசு பேசிய 7 பேர்ச்சஸ் என்றால் கிட்டத்தட்ட 1900. இந்திய வீடமைப்புத் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. மீதி 1350. சரிவு, கான், மலசலகூடம், நடைபாதை எல்லாம் போய்ப் பாதி மிஞ்சினாலும் பத்துக் கோழியும் ஒரு பாத்தி லீக்ஸும் தாராளம். வாத்துக்குப் பொதுவாக ஒரு புல் துண்டு விட்டால் அதுவும் நடக்கும். ஒரு ஏக்கரில் 160 பேர்ச்சஸ், 7 வீதம் இருபத்திரண்டு குடும்பம். தோட்டங்களில் காடேறிக் கிடக்கிற தேயிலை மலைகள் எத்தனை என்று பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் பார்த்தாலே தெரியும். இதனால் தேயிலை அழிந்துவிடும் என்றால் யாராவது நம்புவார்களா?

இன்னொரு வேடிக்கை. நுவரெலியா மரக்கறித் தோட்டங்களுக்குக் கீழ்நாட்டிலிருந்து லொறி லொறியாகக் கோழி எரு ஏறுகிறது. முட்டையும் ஏறுகிறது. எருவும் முட்டையும் காசு கொடுத்து மலையேற்றுகிற ஊரில், கோழி வளர்க்கத் தெரிந்த சனம் கான் ஓரத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கடைசியாக, நம்ம ஆட்களே மேடையில் பேசாத ஒன்று. கோழித் திட்டங்கள் எல்லாமே ‘பெண்களை வலுவூட்ட’ என்றுதான் வருகின்றன. காலையில் மலைக்குப் போய்ப் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிற பெண்ணுக்கு, சமையல், தண்ணி, பிள்ளைக்கு மேலே கோழியையும் ஏற்றினால் அது வலுவூட்டல் இல்லை, மூன்றாவது ஷிப்ட். அதுவும் அடைக்கோழிப் பருவமும் கொழுந்து பொங்குகிற பருவமும் ஒன்றாக வருகிற ஊரில். கூட்டைத் துப்புரவு பண்ண ஆம்பிளைகளுக்கும் கை இருக்கிறது. வீட்டில் இருக்கிற அப்பாயிக்கு அறிவு இருக்கிறது, பிள்ளைகளுக்குச் சித்திரை லீவு இருக்கிறது. வேலையைப் பங்கு போடாமல், காணி உறுதியிலும் பெண்ணின் பெயரைப் போடாமல், முட்டைக் காசு மட்டும் அவளுடையது என்று சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. கணவனும் மனைவியும் இருவர் பேரிலும் உறுதி எழுத வேண்டும். கோழி யாருடைய மண்ணில் கிளறுகிறதோ அவருடைய கைக்குத்தான் காசு வரும்.

2023இல் மலையகம் 200ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நம்மில் பலர் அதில் நடந்தோம், பலர் ஸ்டேட்டஸ் போட்டோம். காணி உரிமை அந்த நடையின் கோரிக்கைகளில் ஒன்று. பெரிய சொல்தான், ‘காணி உரிமை’. நான் அதைச் சின்னதாக்கிச் சொல்கிறேன்: அனுமதி கேட்காமல் ஒரு அடைக்கோழியை உட்கார வைக்க ஒரு மூலை. அந்த மூலைக்கு உறுதிப்பத்திரம். வருசத்துக்கு மூன்று தடவை ஒரு சொட்டு மருந்து. அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த தடவை உங்கள் தோட்டத்து மண்டபத்தில் அட்டைப் பெட்டி இறங்கும்போது, படம் எடுக்க போனைத் தூக்குவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தக் குஞ்சு எந்தக் காணியில் வளரும்? நோய் வந்தால் எந்தக் கால்நடை வைத்தியர் வருவார்? கூட்டைப் பிரிக்கச் சொன்னால் யார் வந்து நிற்பீர்கள்? கேட்டதைப் பதிவு செய்யுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையையும் போடுங்கள். பதில் இல்லை என்றால் குஞ்சை வாங்கிக்கொள்ளுங்கள், பாவம் அது என்ன செய்யும். நன்றி மட்டும் சொல்லாதீர்கள்.